இரவல் மெட்டில் திரேசாவின் பெயர்

பழைய வேலைத் தோழி சுசீலாதேவி அனுப்பிய காணொளியை மேரிகிறேஸ் வேலைக்குப் புறப்படுகிற அவசரத்தில்தான் பார்த்தாள். ஒரு கையில் சப்பாத்து, மறு கையில் கைத்தொலைபேசி. டென்மார்க்கின் எஸ்பியர்க் கரையில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரிய வெள்ளைச் சிலைகளுக்கு முன்னால் வெள்ளைச் சேர்ட் போட்ட ஒருவன் நடந்து வந்தான். கிற்றார் ஒலித்தது. அவன் வாயைத் திறந்து பாடத் தொடங்கியதும் அவள் கையிலிருந்த சப்பாத்து நழுவி விழுந்தது.

அது அவளுடைய பாட்டு.

மெட்டு அதே மெட்டு. சொற்களில் பாதி அதே சொற்கள். மீதிப் பாதியை ஈவிரக்கமில்லாமல் பிடுங்கி எறிந்துவிட்டு அந்த இடத்தில் நிலாவையும் இதழையும் நட்டிருந்தான். முடிவில் கறுப்புத் திரையில் எழுத்துகள் வந்தன. இசை, பாடல், குரல்: லவன். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தும் பார்த்தாள், ஒன்றும் வரவில்லை.

மேரிகிறேஸ் எதற்கெடுத்தாலும் கொதிக்கிற ஆள் அல்ல. டென்மார்க்குக்கு வந்த புதிதில் நகரசபைக்காரர் அவள் பெயரை விதம்விதமாகக் கொலை செய்தபோது சிரித்துக்கொண்டிருந்தாள். மீன் தொழிற்சாலை ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு போலந்துக்குப் போனபோது, அழுதுகொண்டு நின்ற மற்றப் பெண்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். கணவர் பேனாட் இறந்தபோதுகூட, வந்தவர்களெல்லாம் சாப்பிட்டார்களா என்று கேட்டுத் திரிந்தாள். ஆனால் அன்று காலை, தான் வேலை செய்கிற முதியோர் இல்லத்துக்குச் சைக்கிள் மிதித்த வேகத்தைப் பார்த்திருந்தால் இவளுக்கும் கோபம் வரும் என்று எவரும் ஒப்புக்கொண்டிருப்பார்கள். எதிர்க்காற்றுக்கும் இரண்டு வார்த்தை ஏச்சு விழுந்தது.

அந்தப் பாட்டு பிறந்த இடம் கடற்கரை அல்ல. நிலா அந்தப் பக்கமே வந்ததில்லை. அது பிறந்தது எஸ்பியர்க் துறைமுகத்தில், மீன் வெட்டும் மேசையில். தொண்ணூறுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெண்கள் வரிசையாக நின்று மீனின் முள்ளை எடுத்தார்கள். தலையில் வலைத்தொப்பி, காலில் முழங்கால் வரை றப்பர் பூட்ஸ், இரண்டு சோடிக் கையுறை. அப்படியும் ஐஸ் கைக்குள் இறங்கும். வரிசையின் முதல் இடத்தில் சுசீலாதேவி, நடுவில் மேரிகிறேஸ், கடைசியில் திரேசா.

திரேசாவுக்கு டென்மார்க்கில் சொந்தமென்று ஒரு உயிரும் கிடையாது. தனியாக வந்தவள், தனியாகவே இருந்தாள். குளிர் அவளைப் பிடித்து ஆட்டும். விரல்கள் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, மடக்க முடியாமல் நிற்கும். அவள் அதை ஒருவருக்கும் சொல்லமாட்டாள். திரும்பி நின்று, கையுறையைக் கழற்றி, விரல்களை வாயருகே வைத்து ஊதிவிட்டு மறுபடி கத்தியை எடுப்பாள்.

அந்தத் தொழிற்சாலையில்தான் மேரிகிறேஸ் டேனிஷ்காரரின் பழக்கம் ஒன்றைக் கண்டாள். மேற்பார்வையாளர் கெர்டாவுக்கு ஐம்பது வயது வந்தது. சாப்பாட்டறையில் கேக் வெட்டினார்கள். ஒவ்வொரு தட்டின் பக்கத்திலும் ஒரு அச்சடித்த தாள். கெர்டாவின் தங்கை அவரைப் பற்றி ஒரு பாட்டு எழுதியிருந்தாள். கெர்டா சின்ன வயதில் பன்றிக்குட்டியை வீட்டுக்குள் கொண்டுவந்த கதையெல்லாம் அதில் இருந்ததாம். மெட்டு மட்டும் புதிதில்லை, எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழைய பாட்டின் மெட்டு. ஒருவர் தொடங்க எல்லோரும் தாளைப் பிடித்துக்கொண்டு பாடினார்கள். சுருதி சேராதவர்கள்தான் இன்னும் பலமாகப் பாடினார்கள். முடிந்ததும் எழுந்து நின்று "ஹுர்ரா" போட்டார்கள்.

"பழைய பாட்டின் மெட்டை எடுப்பது களவு இல்லையா?" என்று மேரிகிறேஸ் தனக்குத் தெரிந்த அரைகுறை டேனிஷில் கேட்டாள்.

கெர்டா தாளைத் திருப்பிப் பிடித்துத் தலைப்புக்குக் கீழே விரலை வைத்தார். சின்ன எழுத்தில் "மெலொடி" என்று போட்டு, மெட்டு எந்தப் பாட்டினுடையது என்று எழுதியிருந்தது. "இதைப் போட்டால் களவு இல்லை" என்றார் கெர்டா. "போடாவிட்டால் களவு."

அந்தச் சொல் மேரிகிறேஸின் மனதில் ஆணி அடித்தது போல் நின்றுவிட்டது. அடுத்த மாதம் திரேசாவுக்கு முப்பது வயது. யாரும் கொண்டாடப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். மேரிகிறேஸ் வீட்டில் கேக் செய்தாள், சுசீலாதேவி றோல்ஸ் கொண்டுவந்தாள், சாப்பாட்டறையில் ஒவ்வொரு தட்டின் பக்கத்திலும் ஒரு தாள் இருந்தது. யாழ்ப்பாணத்துக் குருநகரில் சிறுமியாக இருந்தபோது வானொலியில் கேட்டு மனதில் ஒட்டிக்கொண்ட ஒரு ஆங்கிலப் பாட்டின் மெட்டில் அவள் எழுதியிருந்தாள்:

*கத்தியைத் தீட்டடி சுசீலா – இந்தக்*
*கடலுக்கு எங்களைத் தெரியாது*
*விறைச்ச விரலை ஊதடி திரேசா – எங்கட*
*வீட்டுக்கு இன்னும் தெரியாது*

வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் ஒவ்வொரு வரி இருந்தது. தலைப்புக்குக் கீழே, "மெட்டு: ஆங்கிலப் பாட்டு." திரேசா தன் பெயர் வந்த இடத்தில் பாடுவதை நிறுத்திவிட்டுத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை மடித்து றப்பர் பூட்ஸுக்குள் வைத்தாள்.

அன்று தொடங்கியது. யாருக்குப் பிறந்தநாள், யாருக்குக் கல்யாணம் என்றாலும் மேரிகிறேஸிடம் பாட்டுக் கேட்டு வந்தார்கள். ரண்டர்ஸில் இருந்தும் கேட்டார்கள், கிரின்ஸ்டெட்டில் இருந்தும் கேட்டார்கள். எஸ்பியர்க் தமிழ்ச் சங்கத் தலைவர் ஆனந்தராஜாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு அவள் எழுதிய பாட்டைக் கேட்டு அந்த மனிதர் துவாய் எடுத்துக் கண் துடைத்தார். ஒவ்வொரு தாளிலும் மெட்டு எங்கிருந்து வந்தது என்று எழுதாமல் அவள் விட்டதில்லை. திரேசாவின் பாட்டு மட்டும் ஒரு நாளோடு முடியவில்லை. மீன் மேசையிலிருந்து வீடுகளுக்குப் போய், வீடுகளிலிருந்து எல்லாக் கொண்டாட்டங்களுக்கும் போய்விட்டது. தாள் இல்லாமலேயே பாடினார்கள்.

திரேசா நாற்பதைத் தாண்டவில்லை. நோய் வந்து சட்டென்று போய்விட்டாள். எஸ்பியர்க்கில்தான் புதைத்தார்கள். இந்த நாட்டில் கல்லறையும் வாடகை வீடு மாதிரித்தான், தவணை முடிந்தால் யாராவது வந்து நீட்டிக் கேட்க வேண்டும். சொந்தக்காரர் இருந்தால் கடிதம் வரும். திரேசாவுக்கு யார் இருக்கிறார்கள், யாருக்குக் கடிதம் வரும்? ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு மெழுகுதிரியோடு போன மேரிகிறேஸ், கல் நின்ற இடத்தில் புல்லைக் கண்டாள். புல்லை நன்றாக வெட்டி வைத்திருந்தார்கள். யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது? சட்டப்படி எல்லாம் சரி. அதற்குப் பிறகு திரேசா என்ற பெயர் இந்த நாட்டில் வேறெங்கும் இல்லை, அந்தப் பாட்டில் மட்டும்தான் இருந்தது.

இப்போது அதையும் ஒருவன் வழித்துத் துடைத்துவிட்டான். *விறைச்ச விரலை ஊதடி திரேசா* இருந்த இடத்தில் *சிவந்த இதழைத் திறவடி நிலாவே* என்று இருந்தது. சுசீலாவின் கத்தி தென்றலாகிவிட்டது.

லவனை அவளுக்கு முன்பே தெரியும். ரண்டர்ஸ் பெடியன், முப்பத்தைந்து வயது இருக்கும். தமிழ்க் கல்யாணங்களுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவன், மேடையில் பாடுகிறவன். வேலை முடிந்து உடை மாற்றும் அறையில் நின்றே அவனுக்கு அழைத்தாள்.

"தம்பி லவன், எஸ்பியர்க் மேரிகிறேஸ் கதைக்கிறன். உங்கட புதுப் பாட்டுக் கேட்டன்."

"தாங்ஸ் அன்ரி. பிடிச்சிருக்கா?"

"அது நான் எழுதினது."

"அன்ரி, அது நான் சின்னனில எல்லாப் பிறந்தநாளிலயும் கேட்ட பாட்டு. ஆர் எழுதினது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது."

"ஒருத்தரையும் கேட்டனீங்களோ?"

"மெட்டு இங்கிலீஷ் பாட்டெல்லோ அன்ரி? நீங்களும் கொப்பி அடிச்சதுதானே. நான் அரேஞ்ச்மென்ட் எல்லாம் புதுசாச் செய்திருக்கிறன். ஒரு மாசம் இருந்து செய்தனான்."

"சரி, மெட்டை விடுங்கோ. சுசீலாவை ஏன் எடுத்தனீங்கள்? திரேசாவை ஏன் எடுத்தனீங்கள்?"

"பாட்டில தனி ஆக்களின்ர பேர் வந்தா ஆரும் ரிலேட் பண்ண மாட்டினம் அன்ரி. நிலா எண்டா எல்லாருக்கும் பொது."

நிலா பொதுவாம். அவள் தொடர்பைத் துண்டித்தாள். பதில் சொல்லத் தொடங்கினால் வாயில் என்ன வரும் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஆனந்தராஜாவுக்கு அழைத்தாள். அவர் கதையைக் கேட்டுவிட்டு எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார். சங்கத்தின் ஆண்டு விழாவில் லவன் அந்தப் பாட்டைப் பாடுவதாக ஏற்கெனவே நிகழ்ச்சி நிரலில் போட்டாயிற்றாம்.

"இளம் பிள்ளையள் ஏதோ ஆசையாச் செய்யுதுகள் பிள்ளை. ஒரு கொப்பிப் பாட்டுக்குப் போய் இதைப் பெரிசுபடுத்தாதேங்கோ."

"அண்ணை, உங்கட அறுபதாவது பிறந்தநாளுக்கு நான் எழுதினதும் கொப்பிப் பாட்டுத்தான். அண்டைக்கு உங்களுக்கு அது தெரியேல்லையோ?"

ஆனந்தராஜாவுக்குத் திடீரென்று வேறொரு அழைப்பு வந்துவிட்டது.

கொப்பி என்ற சொல் இரண்டு நாளாக மேரிகிறேஸின் காதுக்குள் குடைந்துகொண்டிருந்தது. மூன்றாம் நாள் காலை முதியோர் இல்லத்தில் றெனாற்றோவுக்குக் காலுறை மாட்டினாள். இரத்த ஓட்டத்துக்காகப் போடும் இறுக்கக் காலுறை, மாட்டி முடிப்பதற்குள் போடுகிறவருக்கும் போட்டுக்கொள்கிறவருக்கும் வியர்க்கும். கோபத்தில் தன்னை அறியாமல் அந்த மெட்டை முணுமுணுத்துக்கொண்டே இழுத்தாள்.

றெனாற்றோ இத்தாலிக்காரர். நாப்போலிக்குப் பக்கத்துக் கடற்கரை ஊரில் பிறந்தவர். கப்பலில் சமையல்காரராக இருந்து, எஸ்பியர்க்கில் ஒரு டேனிஷ் பெண்ணைக் கண்டு இறங்கியவர் பிறகு ஏறவே இல்லை. மனைவி இறந்த பிறகு இங்கே வந்து சேர்ந்தார். சாப்பாட்டைக் குறை சொல்வதைத் தவிர அதிகம் பேசமாட்டார். அன்று பாதிக் காலுறையோடு காலை உதறி இழுத்துக்கொண்டார்.

"இந்தப் பாட்டு உனக்கு எப்படித் தெரியும்?" டேனிஷில்தான் கேட்டார். டேனிஷில் எல்லோருக்கும் எல்லோரும் நீதான்.

"சின்ன வயதில் ரேடியோவில் கேட்டது. ஆங்கிலப் பாட்டு."

"ஆங்கிலப் பாட்டா?" றெனாற்றோவின் முகம் தக்காளி போல் சிவந்தது. "என் தாயின் தாய் பாடிய பாட்டு, ஆங்கிலப் பாட்டா? உட்கார். வேலை இருக்கட்டும், உட்கார்."

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவர் பாடிக் காட்டினார். குரல் உடைந்திருந்தாலும் மெட்டு அதேதான், சந்தேகமே இல்லை. ஆனால் மெதுவாக, இழுத்து இழுத்துப் பாடினார், வலையை இழுக்கிற மாதிரி. அது கிழிந்த வலையைப் பொத்துகிற பெண்களின் பாட்டு என்றார். அசுந்தா, கார்மெலா, நுன்சியா என்று மூன்று பெண்கள். காற்றுத் திரும்பினால் படகு வரும், கையிலுள்ள ஊசியை விடாதே நுன்சியா என்று மற்ற இருவரும் பாடுவார்கள். ஊரில் அந்த மூன்று பேரும் எந்த வீதியில் இருந்தார்கள் என்றுகூடச் சொல்வார்களாம்.

"முதலில் ஒரு ஆங்கிலக்காரன் எடுத்தான்" என்றார் றெனாற்றோ. "கோட்டும் கழுத்துப் பட்டியும் போட்டு, நடனக் கூடத்தில் பாடுகிற பாட்டாக்கினான். வலை இல்லை, ஊசி இல்லை. மூன்று பெண்களையும் ஒருத்தியாக்கினான், அவளுக்கும் ஒரு பெயர் இல்லை. டார்லிங். சில வருடம் கழித்து இன்னொருவன் வந்தான். அவன் முந்தின ஆங்கிலக்காரனிடம் இருந்து எடுத்தான். மேளம் போட்டான், வேகமாக்கினான், கார் ஒன்றைக் கொண்டுவந்தான். டார்லிங் போய் பேபி வந்தது. இசைத்தட்டில் அவர்களுடைய பெயரெல்லாம் இருந்தது. எங்கள் ஊரின் பெயர் இல்லை. இத்தாலி என்ற சொல்கூட இல்லை."

"நீங்கள் பார்த்தீர்களா?"

"பார்த்தேனா? இங்கிலாந்தில் ஹல் துறைமுகத்தில் ஒரு பாரில் அந்தப் பாட்டைப் போட்டார்கள். இது எங்கள் பாட்டு என்றேன். சிரித்தார்கள். இத்தாலிக்காரனுக்குப் பாட்டு எல்லாம் தன்னுடையது என்றுதான் நினைப்பு என்றான் ஒருவன். பேபி இல்லை, அவள் பெயர் நுன்சியா என்று கத்தினேன். தூக்கி மழைக்குள் போட்டார்கள்." றெனாற்றோ மூச்சு வாங்கினார். "மெட்டை எடுத்ததற்கு நான் சண்டை பிடிக்கவில்லை. மெட்டு கப்பலில் ஏறத்தான் செய்யும். நுன்சியாவை ஏன் இறக்கிவிட்டார்கள்?"

மேரிகிறேஸின் அம்மா குருநகரில் வலை பொத்தியவர். அந்த மெட்டு அம்மாவின் கைக்கு இருந்த வேகத்தில்தான் போகிறது என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. கூடவே இன்னொன்றும் உறைத்தது.

"நான் முப்பது வருடமாக 'ஆங்கிலப் பாட்டு' என்று எழுதிக்கொண்டிருக்கிறேன்" என்றாள்.

"நீயுமா?" றெனாற்றோ கட்டில் சட்டத்தில் அடித்தார். "அந்த ஆங்கிலக்காரன் நுன்சியாவை எறிந்தான், நீ அவனுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்திருக்கிறாய்."

"எனக்கு எப்படித் தெரியும்? உங்கள் ஊரில் இருந்து யாராவது எங்கள் ரேடியோவுக்கு வந்து சொன்னார்களா?" அவளுக்கும் கோபம் மூக்குக்கு மேல் ஏறிவிட்டது. "அவன் பூட்டி வைத்துவிட்டுப் போன வீட்டில் நான் யாரைப் போய் விசாரிப்பது?"

றெனாற்றோ அவளைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அந்த இல்லத்தில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. "சரி, உன் பாட்டில் என்ன இருக்கிறது? சொல்."

அவள் ஒவ்வொரு வரியாக டேனிஷில் சொன்னாள். விறைத்த விரலை ஊது திரேசா என்றதும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"திரேசா யார்?"

மேரிகிறேஸ் சொல்லத் தொடங்கினாள். மீன் மேசை, வெளுத்த விரல், பூட்ஸுக்குள் வைத்த தாள், புல். அடுத்த அறைக்காரருக்குக் காலை உணவு அன்று பிந்தித்தான் போனது.

அன்று மாலை விழாவுக்கு ஒரு பாட்டுத் தாள் அடிக்க அவள் மகள் சாருஜாவைக் கணினிக்கு முன்னால் இருத்தினாள். சாருஜா பல்வைத்தியர் ஒருவரிடம் வேலை செய்கிறாள். அம்மா தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்கிறவள். ஆனால் அம்மாவின் பாட்டுத் தாள்களை எல்லாம் அவள்தான் அச்சடிப்பாள்.

"தலைப்புக்குக் கீழ எழுது. மெட்டு: இத்தாலியில் வலை பொத்தும் பெண்களின் பழைய பாட்டு. அசுந்தா, கார்மெலா, நுன்சியா எண்டு மூண்டு பேரையும் போடு. பிறகு, இரண்டு ஆங்கிலப் பாட்டுகளின் வழியாக எங்களிடம் வந்தது எண்டு போடு. ஆங்கிலத்தைச் சின்ன எழுத்தில போடு, றெனாற்றோ அப்பிடித்தான் சொன்னவர்."

சாருஜா சிரித்துக்கொண்டே தட்டினாள். வரிகள்: மேரிகிறேஸ். திரேசாவின் முப்பதாவது பிறந்தநாளுக்காக, எஸ்பியர்க் மீன் மேசையில் எழுதியது. பிறகு கையை எடுத்துவிட்டு டேனிஷில் கேட்டாள், "லவனின் பெயர்?"

"அவன்ர பேர் என்னத்துக்கு?"

"விழாவில் வரப்போகிற இசை அவன் செய்ததுதானே, அம்மா."

"அவன் என்ர பேரைப் போட்டவனோ?"

"போடவில்லை" என்றாள் சாருஜா. அவ்வளவுதான் சொன்னாள். திரையில் துடித்துக்கொண்டிருந்த கோட்டைப் பார்த்தபடி இருந்தாள்.

மேரிகிறேஸ் சமையலறைக்குப் போய்க் கழுவிய சட்டியை எடுத்து மறுபடி கழுவினாள். போடாவிட்டால் களவு. கெர்டா அதை ஆளுக்கு ஆள் மாற்றிச் சொல்லவில்லை. எரிச்சலாக இருந்தது. சட்டியை நங்கென்று வைத்துவிட்டு வந்தாள்.

"போடு. கடைசியில போடு."

தாளின் பின்பக்கத்தில் அதே பாட்டை இலத்தீன் எழுத்திலும் அடிக்கச் சொன்னாள். இங்கே பிறந்த பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியாது.

விழாவுக்கு வருகிறீர்களா என்று றெனாற்றோவிடம் கேட்டாள். "உங்கள் விழாவில் பேச்சு நீளம் என்று கேள்வி" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அவர் சொன்னது சரிதான். சனிக்கிழமை மத்தியானம் பாடசாலை விளையாட்டு மண்டபத்தில் பேச்சுக்கு மேல் பேச்சு நடந்தது. மேரிகிறேஸும் சுசீலாதேவியும் நேரத்தோடு வந்து ஒவ்வொரு காகிதத் தட்டின் பக்கத்திலும் ஒரு தாளை வைத்திருந்தார்கள். ஆனந்தராஜா ஒன்றை எடுத்துப் பார்த்தார்.

"உது என்ன பிள்ளை?"

"பாட்டுத் தாள் அண்ணை. டேனிஷ் முறை. உங்கட பிறந்தநாளுக்கும் வைச்சனாங்கள்."

அவர் தாளை வைத்துவிட்டு ஒலிவாங்கியைச் சரிபார்க்கப் போனார்.

லவன் மேடைக்கு வந்தபோது மண்டபம் களைத்துப் போயிருந்தது. பாதிப் பேர் கைத்தொலைபேசியில் இருந்தார்கள். பிள்ளைகள் மேசைக்குக் கீழே ஓடினார்கள். அவன் பதிவுசெய்த இசையைப் போட்டான். பெட்டிகள் அதிர்ந்தன. நல்ல இசைதான், மேரிகிறேஸுக்கும் அது தெரிந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் வயிற்றெரிச்சலாக இருந்தது.

"எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டு" என்றான் லவன். "சும்மா இருக்கப்படாது. எல்லாரும் என்னோட சேர்ந்து பாடுங்கோ."

டென்மார்க்கில் இத்தனை வருடம் இருந்துவிட்டு ஒரு சபையைப் பார்த்து அப்படிச் சொல்லக்கூடாது, அதுவும் தட்டுக்குப் பக்கத்தில் தாள் இருக்கும்போது. சேர்ந்து பாடுங்கோ என்றால் இந்த நாட்டில் கை தட்டுவது என்று அர்த்தம் இல்லை. தாளை எடு, தாளில் உள்ளதைப் பாடு என்றுதான் அர்த்தம். முதலில் எடுத்தவர்கள் பிள்ளைகள். பாடசாலையில் காலையில் அதைத்தானே செய்கிறார்கள். மேசைக்குக் கீழிருந்து வெளியே வந்து, தாளைத் திருப்பி, இலத்தீன் எழுத்துப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களைப் பார்த்துத் தாய்மார் எடுத்தார்கள்.

லவன் நிலாவே என்று வாயைத் திறந்தான். சுசீலாதேவி எழுந்து நின்று தன் பெயரைத் தானே பாடினாள்.

*கத்தியைத் தீட்டடி சுசீலா.*

அவள் குரல் ஒரு காலத்தில் இயந்திரச் சத்தத்துக்கு மேலால் கேட்ட குரல். வயது போயும் அது அடங்கவில்லை. ஒவ்வொரு மேசையிலும் நரைத்த தலை ஒன்றிரண்டு நிமிர்ந்தன. அவர்களுக்குத் தாள் தேவைப்படவில்லை. இரண்டாம் வரியில் மண்டபம் முழுக்கச் சேர்ந்துகொண்டது. லவனின் பெட்டிகள் அத்தனை பேருக்கும் தாளம் போட்டன. அவன் ஒலிவாங்கியை வாயருகே பிடித்தபடி ஒரு வரி முயன்றான். நிலா ஒன்று தனியாகக் கேட்டு அமுங்கிப் போனது. பிறகு அவன் நிறுத்திவிட்டான்.

*விறைச்ச விரலை ஊதடி திரேசா.*

மேரிகிறேஸ் அந்த வரியைப் பாடவில்லை. பாட முடியவில்லை. தமிழ் எழுத்தே தெரியாத ஒரு சின்னப் பிள்ளை பக்கத்து மேசையில் கதிரைக்கு மேல் ஏறி நின்று, விரலால் எழுத்தைத் தொட்டுத் தொட்டு, "தெ-ரே-சா" என்று கத்திப் பாடியது. அவள் தாளால் முகத்தை மறைத்துக்கொண்டாள். பாட்டு முடிந்ததும் யாரோ பழக்கதோஷத்தில் "ஹுர்ரா" என்று எழுந்தார்கள், சபையே எழுந்தது.

சாப்பாட்டுக்கு வரிசை கட்டத் தொடங்கியபோது லவன் அவளுடைய மேசைக்கு வந்தான். கையில் தாள் கசங்கியிருந்தது. முகம் கறுத்திருந்தது.

"என்னை மேடையில வைச்சு அவமானப்படுத்திப் போட்டியள் அன்ரி."

"சேர்ந்து பாடச் சொன்னது நீங்கள்."

"நான் ஒரு மாசம் இருந்து செய்த இசை. என்ர பேரைக்கூட..."

"கடைசி வரியைப் பாருங்கோ."

அவன் தாளை நிமிர்த்திக் கீழே பார்த்தான். *புதிய இசை அமைத்துப் பதிவு செய்தவர்: லவன், ரண்டர்ஸ்.* பார்த்தபடியே நின்றான். சொல்ல வந்தது அத்தனையும் அவனிடம் மீதம் இருந்தது, ஆனால் அதற்கு இப்போது இடமில்லாமல் போய்விட்டது. அவன் கண் மேலே ஏறி, மூன்று இத்தாலியப் பெண்களின் பெயரைத் தாண்டி, மேரிகிறேஸின் பெயரைத் தாண்டி, ஓரிடத்தில் நின்றது.

"திரேசா எண்டது ஆர் அன்ரி?" என்று கேட்டான்.

இந்தக் கேள்விக்கு ஒரு நெடும் பதில் அவளிடம் இருந்தது. ஒரு கிழட்டு இத்தாலிக்காரருக்குப் பாதிக் காலுறையோடு சொன்ன பதில். பக்கத்துக் கதிரையை அவனுக்காக இழுத்துவிட்டாள். அவன் உட்காரும் வரை பொறுத்திருந்தாள். ஆனால் முதலில் வாயில் வந்தது வேறொன்று.

"இந்தக் கேள்வியைக் கேட்டுப்போட்டு அவளின்ர பேரை அழிச்சிருக்கலாமே, தம்பி" என்றாள்.